பாயிண்ட் ஒன்

ஹெப்பாளில் எடை மெஷின் செய்யும் சின்னக் கம்பெனி அது. என் வீட்டுக்காரர் பாலன் அங்கே சர்க்யூட் போடுகிறவர். அவர் போட்டதைப் பெரிய பிளாஸ்டிக் தாளில் கறுப்பு டேப்பால் கோடு கோடாக ஒட்டுகிறவள் நான். அதைப் படம் எடுத்துத்தான் போர்டு அச்சாகும். 1993-இல் எங்கள் இருவருக்குமே வேலை நிரந்தரமாகவில்லை. புது மெஷின் நன்றாக ஓடினால் அவருக்கு நிரந்தர ஆர்டர் தருவதாக முதலாளி கேசவமூர்த்தி சொல்லியிருந்தார்.

அந்த மெஷினின் உயிர் ஒரு மூன்று கால் ஐசியில் இருந்தது. மிஞ்சிய மின்சாரத்தைத் தன் வழியாகவே வடியவிட்டு, வோல்டேஜை அசையாமல் பிடித்து வைக்கும். பாலன் அதோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினார். கையால் வயர் இழுத்துச் செய்த மாதிரியில், வெறுந்தட்டுக்கு சைபர் சைபராகவே நின்றது.

பிறகு மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்துவிட்டார். அப்போதுதான் நான் டேப் ஒட்டினேன். எல்லா ஐசிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். அதன் அளவை வைத்து பாயிண்ட் ஒன் என்போம். அவர் வரைந்த சர்க்யூட்டில் இந்த மூன்று காலுக்கு மட்டும் அது இல்லை. சோர்வில் மறந்திருப்பார், முதலாளி பார்த்தால் எல்லார் முன்னாலும் ஏசுவார் என்று நினைத்தேன். அதன் கால்கள் நுழையும் ஓட்டைகளுக்கு நானே இரண்டு புள்ளி வைத்து ஒன்றைச் சேர்த்தேன். சாமான் பட்டியலிலும் எழுதினேன்.

முப்பது மெஷின்கள் அவசரத்தில் சரியாகச் சோதிக்காமலே கொள்ளேகாலுக்கும் மாதேஸ்வரன் மலைக் கடைகளுக்கும் போயின. எதிலும் எண் நிற்கவில்லை.

பாலன் வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி ஒரு மெஷினை மேஜைமேல் வைத்து எல்லாரையும் கூப்பிட்டார்.

"நோடப்பா பாலன், பாரு, வெறுந்தட்டுல நாப்பது கிராம். உன் மெஷின் காத்தை நிறுக்குது. காத்து கிலோ என்ன விலை?"

சிரித்தார்கள். பாலன் மூடியைக் கழற்றினார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த பாயிண்ட் ஒன்னாலதானுங்க சார் ஆடுது. வெட்டிட்டா நின்னுக்கும்."

"யாரு போட்டது?"

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. "நாந்தானுங்க."



"டிப்ளமோ புத்தி. ஆர்டரை மறந்துடு. முப்பது கடைக்கும் போ. தப்பு என்னுதுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிட்டு வெட்டு. லிஸ்ட்ல கையெழுத்து வாங்கிட்டு வா."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில்தான் என்னிடம் பேசினார்.

"எதுக்குப் போட்ட?"

"எல்லாத்துக்கும் இருக்குமேங்க. மறந்துட்டீங்கன்னு..."

"ஒண்ணுமே போடாட்டி நிக்கும். ரொம்பப் பெருசா போட்டாலும் நிக்கும். நடுவால போட்டாத்தான் ஆடும். அந்த எடத்தைக் காலியா விடறதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, சுலோசனா. நான் மறக்கற ஆளா?"

கொள்ளேகால் பஸ் வந்தது. வழியனுப்ப நான் நின்ற பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தது. அவர் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள், மலை இறக்கத்தில் அவர் ஏறி வந்த வேன் கவிழ்ந்தது.

காரியத்துக்கு மறுநாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அந்த லிஸ்ட் இருக்காம்மா?" என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அவர் சட்டையின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து எண்ணினார்.

"பத்தொம்போது. இன்னும் பதினொண்ணு பாக்கி."

அப்போதுதான் சொன்னேன். "அந்த பாயிண்ட் ஒன் நான் போட்டது சார்."

"தெரியும். காமாலையில படுத்திருந்தவன் எப்படிம்மா போடுவான்?"

"தெரிஞ்சுமா சார்..."

"அவன் நாந்தான்னான். நான் எதுக்கு இல்லேங்கணும்? சர்க்யூட் ஒரு தடவை போட்டா ஆச்சு. டேப்புக்குத் தினம் ஆள் வேணும்."

அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். அந்த இரண்டு புள்ளிகளைப் பிய்த்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். மறுபடி படம் எடுக்கணும். ஓட்டை இருந்துட்டுப் போகட்டும். உனக்கும் ஞாபகார்த்தமா இருக்கும்."

தீபாவளிக்கு முன்னால் நிரந்தர ஆர்டர் எனக்கு வந்தது. அதன்பின் நானூறு போர்டுகள் போயிருக்கும். ஒவ்வொன்றிலும் அந்த மூன்று காலுக்குப் பக்கத்தில் இரண்டு காலி ஓட்டைகள். ஈயம் அடைத்திருந்தால் என்னால் தாங்க முடியாது. ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திப் பார்த்த பிறகே அனுப்பினேன்.