குண்டூசி இல்லாத மூலை

1

ஒரு பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. தையல் கடையின் கட்டிங் மாஸ்டர், நூலில் கட்டிய காந்தம் ஒன்றை மூலைத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த மூலையில் மிஷினும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு குண்டூசிகூட ஒட்டவில்லை. யாருக்காக என்று கேட்டேன். அவர் காந்தத்தை இன்னொரு முறை இழுத்தார். பொத்தான் துளை தைக்கிற காஜா அக்காதான் சொன்னார்.

2

இதைக் கதையாக்க முதலில் எழுதியது: 'இரு சமயங்களுக்கும் இடையே காலங்காலமாக நிலவிவரும்...'

(வேண்டாம். மேடைப் பேச்சு.)

அடுத்து: 'மாஸ்டர் பிடிவாதக்காரர். பைபிளைத் தவிர வேறெதையும்...'

(இதுவும் வேண்டாம். பிடிவாதக்காரர் இன்னொருவருக்காகக் குனிந்து ஊசி பொறுக்குவாரா?)

பாய் அதே கடையின் டெய்லர். பிற்பகலில் தொழுவதற்கு எழுவார். அதற்குள் மாஸ்டர் அந்த மூலையில் காந்தத்தை ஓட்டி முடித்து, "ரூட் கிளியர், பாய்!" என்பார். பாய் விரிப்பை விரிப்பார். பல வருடப் பழக்கம். யாரும் இதற்குப் பேர் வைத்ததில்லை.

3

அன்று பாய் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மாஸ்டர், ஈஸா நபி, அதான் உங்க இயேசு, தான் போனப்புறம் இன்னொரு தேற்றுறவர் வருவார்னு சொல்லியிருக்காராமே? அது எங்க நபிதான்னு நேத்து பள்ளிவாசல் பயான்ல சொன்னாங்க. உங்க புஸ்தகத்துலயே எங்களுக்கும் ஒரு இடம் இருக்குன்னு நெனச்சேன்."

"அது பரிசுத்த ஆவி, பாய். கண்ணுக்குத் தெரியாதவர்னு அடுத்த வரியிலயே இருக்கு. அரைகுறையா கேட்டுட்டு வந்து எனக்கே பாடம் நடத்துறீங்களா?"

"பாடம் இல்ல மாஸ்டர். சந்தோஷத்துல சொன்னேன்."

"ரெண்டு பேரும் சொர்க்கத்துக்கு அளவெடுத்தாச்சுன்னா, இந்தக் கல்யாணச் சட்டைக்குக் காலர் வைங்க," என்றார் காஜா அக்கா. "மாப்பிள்ளை வெறுங்கழுத்தோட நிக்கப்போறாரு."

யாரும் சிரிக்கவில்லை. தொழுகை நேரம் வந்தது. பாய் விரிப்பில் மண்டியிட்டார். முழங்காலில் ஊசி ஏறியது. அவர் தொழுகையை முறிக்கவில்லை. முடித்துவிட்டு அதைப் பிடுங்கி, மாஸ்டரின் ஊசி மெத்தையில் குத்தி வைத்தார்.

"உங்க ஊசி, மாஸ்டர்."

மறுநாளிலிருந்து தொழுகை நேரத்தில் பாய் விரிப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

4

மாஸ்டர் அன்று காந்தம் ஓட்ட மறந்தார் என்று எழுதினேன். அடித்தேன். வேண்டுமென்றே விட்டார் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இப்போது நான் நம்புவது இது: காந்தத்தைக் கையில் எடுத்தவருக்கு, பாயை மடக்க இன்னொரு வசனம் நினைவுக்கு வந்தது. காந்தத்தை மேஜையில் வைத்துவிட்டு வேதத்தைப் புரட்டினார். வசனம் கிடைத்தது.

5

(கதைக்கு வெளியே ஒரு வார்த்தை. நானும் மாஸ்டரின் சபைதான். அந்த இடத்தைப் பரிசுத்த ஆவியென்றே படித்து வளர்ந்தேன், இன்றும் அப்படித்தான் படிக்கிறேன். அங்கே தம் நபியைக் காண்கிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு, அது இந்தக் கதையில் தீராது. ஆனால் தனியாக விடப்படுவோமோ என்று கலங்கிய சீடர்களுக்கு இயேசு சொன்ன சொல் அது. அதை வைத்தே மாஸ்டர் ஒருவரைத் தனியாக்கினார். வசனத்தைச் சரியாகத்தான் படித்தார். அதுதான் மனதை அறுக்கிறது.)

6

முடிவு, ஒன்று: மாஸ்டர் மன்னிப்புக் கேட்கிறார். (எழுதினேன். அவர் குரலில் அது வரவில்லை. "பாய், அன்னிக்கு நான்..." என்பதோடு நிற்கிறது.)

முடிவு, இரண்டு: பாய் தாமாகவே வந்து விரிப்பை விரிக்கிறார். (என் ஆசை. காயம் பட்டவரே முதலில் வர வேண்டும் என்று எழுதுவது நியாயமில்லை.)

ஆகவே இவ்வளவுதான் என்னால் முடிந்தது. பிற்பகல். பாய் விரிப்போடு வாசல்வரை போய், எதையோ மறந்து திரும்புகிறார். மூலையில் மாஸ்டர் குனிந்திருக்கிறார், கையில் காந்தம். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். காஜா அக்காகூட மிஷினை நிறுத்திவிட்டார்.

யார் முதலில் பேசுவது என்று நீங்கள் சொல்லுங்கள். தரை சுத்தமாக இருக்கிறது. நானும் ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டேன்.