பாலிசியில் இல்லாத பெட்டி

கிழக்கு வெளுக்கும் முன்பே கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கட்டிகள் உடைபட்டுக்கொண்டிருந்தன. ஜெயராணி மத்திக் கூடையைத் தலைக்கு ஏற்றினாள். மீன்தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவள் கூடை சுமக்கிறாள் என்றால் வண்டி படுத்துவிட்டது என்று அர்த்தம். போன வாரம் புதுச்சத்திரம் பக்கம் பஸ் உரசி வண்டி கவிழ்ந்து, சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய வஞ்சிரம் எல்லாம் தார்ரோட்டில் கிடந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டி முதுகில் மாட்டியிருந்த ஐஸ் பெட்டிதான் இரண்டாகப் பிளந்தது.

இன்சூரன்ஸ் இருந்தது. நசுங்கிய கதவுக்குத் தருவார்கள், உடைந்த கண்ணாடிக்குத் தருவார்கள். பெட்டிக்கு? "எந்தப் பெட்டிம்மா?" என்றார் பார்வையிட வந்தவர். அவர் போனில் இருந்த பழைய படத்தில் ஆட்டோ பிறந்தமேனியாக நின்றது.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வண்டி வாங்கிய பிறகு மாட்டிய பெட்டி. பெட்டியைக் காட்டினால் கட்டவேண்டிய பணம் ஏறும் என்று எப்.சி. சோதனைக்கும் இன்சூரன்ஸ் படத்துக்கும் துறைமுகத்து வண்டிகள் எல்லாமே அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் போகும். உதவித்தொகை மனு கொடுக்கப் போகிறவள் கம்மலைக் கழற்றி வைப்பதுபோல. அந்த யோசனையைச் சொன்னவர் மீன் கம்பெனி முதலாளி கலியமூர்த்தி. பெட்டி இல்லாத வண்டிக்கு லோடு கிடையாது என்று சட்டம் போட்டவரும் அவரே.

கூடையை இறக்கிவிட்டு ஜெயராணி அவர் எதிரில் போய் நின்றாள்.

"மொதலாளி, பெட்டிக்கு ஒத்தப் பைசா வராதாம்."

"அடப்பாவமே!" அனுதாபம் அவருக்குச் செலவில்லாத சரக்கு, தாராளமாக அளப்பார். "புதுசா ஒண்ணு அடிச்சு மாட்டிடும்மா."

"பழசே கடன்ல அடிச்சது. தவண தவறுனா வண்டியத் தூக்கிடுவாங்க. உங்க மீனுக்குத்தானே மாட்டுனேன்?"

"வண்டி உன்னுது. பெட்டியும் உன்னுது."

"அதுல எழுதியிருக்கிற பேரு மட்டும் உங்களுதா?"

கூடைக்காரப் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. மூத்த டிரைவர் உத்திராபதி வண்டியைவிட்டு இறங்கி வந்தார்.

"இந்தப் புள்ளைக்கு ஒரு பெட்டி போட்டுக் குடுங்க மொதலாளி. எங்க பெட்டியெல்லாம் பாலிசில ஏத்துங்க. ஆவுற செலவு உங்களுது."

"கவுந்தது அவ வண்டி. உனக்கேன்யா குத்துது?"

"நாளைக்கு நான் கவுந்தா, எந்தப் பெட்டின்னுதானே கேப்பான்?"

"இஷ்டமிருந்தா ஓட்டுங்க. சிதம்பரத்துல வண்டிக்கா பஞ்சம்?"

"சரி மொதலாளி, ஓட்டறோம்," என்றாள் ஜெயராணி. "பாலிசில எப்பிடி இருக்கோ அப்பிடியே ஓட்டறோம்."

உத்திராபதி அவளைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அவர் பெட்டி முதலில் இறங்கியது. பிறகு மற்ற வண்டிகளின் பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் குடோன் வாசலில் வரிசை கட்டின.

"மீன ஏத்துங்க மொதலாளி," என்றார் உத்திராபதி, வெறும் வண்டியைத் தட்டி. "காத்தாடப் போவட்டும்."

திறந்த வண்டியில் சிதம்பரம் போகும் மீன் என்ன ஆகும் என்று கலியமூர்த்திக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போனை எடுத்தார்.

வெயில் ஏறியது. குடோனிலிருந்து ஐஸ் தண்ணீர் கோடாக ஓடிவந்தது. சிதம்பரத்திலிருந்து பெட்டி வைத்த ஆட்டோ ஒன்று வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். ஓட்டிவந்த அருள்முருகன் தலையை நீட்டினான்.

"என்னக்கா, பெட்டிக் கண்காட்சியா?"

யாரும் வழி மறிக்கவில்லை. ஜெயராணி நடந்ததைச் சொன்னாள். "உம் பெட்டி பாலிசில இருக்கா தம்பி?"

அவன் பிடரியைச் சொறிந்தான். "எறக்கி வச்சிட்டுத்தாங்கா போட்டோ எடுத்தேன்."

"வாடக ரெண்டு மடங்கு தர்றேன்பா!" என்று கத்தினார் கலியமூர்த்தி.

"பாத்தியாக்கா, இதுக்கு மட்டும் காசு இருக்கு." அருள்முருகன் இன்ஜினை அணைத்தான். "எம் பெட்டி கனம் ஜாஸ்தி. எறக்க நாலு பேராவது வேணும்."

கலியமூர்த்தி அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். கூடைக்காரப் பெண்களும் வந்ததில், பெட்டியைச் சுற்றிக் கைவைக்க இடமில்லை. காயம்பட்ட கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு ஜெயராணி ஒரு மூலையைப் பற்றினாள்.

"ம்... தூக்கு!"