மூன்றாவது துண்டு

1972இல் பெர்மிட் இருந்தால்தான் தகடு கிடைக்கும். அந்த வருடம் பதுளையில் என் பட்டறைக்குத் தகடு வெட்டும் மெஷின் வந்தது. காலால் மிதித்தால் நீளமான கத்தி இறங்கி, தகட்டை ஒரே வீச்சில் துண்டாக்கும். ஒப்பந்தப்படி இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குத் தகரப் பெட்டி செய்வதுதான் அப்போது எங்கள் பிழைப்பு.

மேல், கீழ்க் கத்திகளுக்கிடையே சிகரெட் தாளை விட்டு இடைவெளியைச் சரிசெய்தவர் முருகையா. தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை பார்த்தவர். மெஷினுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தடை இருந்தது. தகடு அதில் போய் முட்டுவதுதான் அளவு. அதை இருபத்தைந்து அங்குலத்தில் நிறுத்தியிருந்தார். ஆறடித் தகட்டில் இரண்டு துண்டு வந்தது. மிச்சமெல்லாம் மூலையில் குவிந்தது.

"இருபத்திநாலுல நிப்பாட்டுங்க முருகையா. மூணு துண்டு வரும்."

"பெட்டி ஒரு அங்குலம் கொறையுமே மொதலாளி."

"ஒரு அங்குலத்தை யார் தேடப் போறாங்க?"

"அப்ப நீங்க வந்து மிதிங்க. நான் கல்லாவுல ஒக்காந்து இப்படிப் பேசுறேன்" என்று சிரித்தார். ஆனாலும் தடையை நகர்த்தினார்.

அதற்கு முந்திய வாரமே ஜெயலெட்சுமி வந்திருந்தார். மேல்தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவர். இரண்டு முடிச்சுப் போட்ட நூலொன்றைக் கொடுத்தார்.

"இந்த ரெண்டு முடிச்சுக்கு நடுவுல என் தையல் மெஷின் ஒக்காரணும் பாய். அங்க எனக்கு யாரு கொழுந்து பறிக்க வேல தரப்போறா? இதுதான் சோறு."

நூலை ஆணியில் மாட்டினேன். அவருடைய பெட்டிக்குத் தகடு வைத்தபோது முருகையா அந்த ஆணியைப் பார்த்தார்.

"நூலை வெச்சுப் பாத்துரவா?"

அன்று பதினொரு பெட்டி கொடுக்க வேண்டியிருந்தது. "எல்லாம் ஒரே அளவுதான். வெட்டுங்க" என்றேன்.

பெட்டியைச் சாயங்காலம் லொறியில் அனுப்பினோம். மறுநாள் காலை ஜெயலெட்சுமியும் புருஷனும் பட்டறை வாசலில் நின்றார்கள். புருஷன் தலையில் பெட்டி, ஜெயலெட்சுமி இடுப்பில் சாக்கு சுற்றிய தையல் மெஷின். ரயிலுக்கு ஒரு மணி நேரமே இருந்தது.

தையல் மெஷினின் சக்கரம் பெட்டியின் சுவரில் முட்டி நின்றது. திருப்பி வைத்தோம், சாய்த்து வைத்தோம். முருகையா சுவரைத் தட்டி வெளியே தள்ளப் பார்த்தார். மூலை வெடித்தது.

"விடுங்கண்ணே, பெட்டியும் போயிரும்" என்றார் ஜெயலெட்சுமி.

"சாக்குலயே கட்டிக் கொண்டு போகலாமே" என்றேன்.

"எங்க அண்ணன் அப்படித்தான் கொண்டு போனாரு பாய். கப்பல்ல ஏத்துறப்பவே ஒடஞ்சு போச்சு" என்றார் புருஷன்.

இன்னொரு பெட்டி செய்யலாமா என்று முருகையாவைப் பார்த்தேன். அரை நாள் வேலை. அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"நூலு குடுத்தேனே பாய்" என்றார் ஜெயலெட்சுமி. மெஷினை என் மேசையில் வைத்து, ஊசிகளை மட்டும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். அங்கே விலாசம் கிடைத்ததும் எழுதுவதாகவும், அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பும்படியும் புருஷன் சொன்னார்.

அன்று மத்தியானம் முருகையா என்னைக் கேட்காமலேயே தடையை இருபத்தைந்துக்குத் தள்ளினார்.

கடிதம் வரவில்லை. இரண்டு நோன்புப் பெருநாள் பொறுத்தேன். மூன்றாம் பெருநாளுக்கு என் மகள் பலீலா ஜெயலெட்சுமியின் மெஷினில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முருகையா சட்டையை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து தகட்டைத் தடையில் முட்டவைத்து மிதித்தார்.