கந்தசாமி சொன்னதும் புஷ்பவல்லி சொன்னதும்

மேடையில் கந்தசாமி வசனத்தை மறப்பதும் புஷ்பவல்லி அதைச் சமாளிப்பதும் நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷன் ஊர்த் தமிழர்களுக்குப் பழகிப்போன விஷயம். பிரிட்ஜ்வாட்டர் கோயில் அரங்கில் ஒரு பொங்கல் நாடகம். மன்னராக வந்தவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். ராணி வேஷத்தில் இருந்த புஷ்பவல்லி, "மன்னருக்குக் கோபம் வந்தால் நான்தான் பேசுவேன்" என்று சொல்லி, அவருடைய மூன்று பக்க வசனத்தையும் தானே முழங்கித் தள்ளினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றோடு கந்தசாமிக்கு மனப்பாடம் செய்யும் கவலையும் விட்டது. வீட்டில் கணவன் மனைவி, நாடகக் குழுவில் நடிகர், இயக்குநர். இரண்டு இடத்திலும் பேச்செல்லாம் அவளுடையதுதான்.

இந்தக் குழுவைத் தேடித்தான் ஒரு பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் கேரன் வந்தார். ஆங்கிலம் தெரியாத நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று மாணவர்கள் பழக வேண்டும். அதற்கு நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். பதிலுக்குப் பல்கலைக்கழகத்தின் நாடக அரங்கை ஒரு வருடம் குழு பயன்படுத்திக்கொள்ளலாம். விளக்கும் ஒலியும் சொல்லிக்கொடுக்க அங்கே ஆசிரியர்களும் உண்டு. பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், கெட்சப் வாசனைக்கு நடுவே ஒத்திகை பார்த்தவளுக்கு வேறென்ன வேண்டும்? கேரன் பேசி முடிக்கும் முன்பே புஷ்பவல்லி சரி என்றுவிட்டாள்.

கேரன் இரண்டே விதிகள் சொன்னார். கணவர் தமிழில் சொல்வதை மனைவி ஆங்கிலத்தில் அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நடிப்பவருக்கு நிஜமாகவே உடம்புக்கு முடியவில்லை என்றால் 'கட்' என்று சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். புஷ்பவல்லி தலையை ஆட்டிவைத்தாள். நடிப்பைப் பற்றி அவளுக்கே பாடமா!

முதல் நாள் சனிக்கிழமை காலை. அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அவர்கள் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் இருந்து பார்க்கலாம், ஒலிபெருக்கியில் கேட்கலாம். கேரனும் பல்கலைக்கழகத்துப் பெரியவர்களும் மாநிலக் கலை மன்றத்திலிருந்து இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் ஒப்பந்தம். அரங்கம் கிடைப்பதும் கைநழுவுவதும் இந்த ஒரு காலையில் இருந்தது.

கந்தசாமிக்கு நோயாளி ராமலிங்கம் வேஷம். சாப்பிட்டால் வயிறு எரிகிறது, நான்கு நாளாகத் தூக்கமில்லை. அவ்வளவுதான் வசனம்.

பத்து மணிக்கு ஆர்யன் என்ற மாணவன் வந்தான். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத வடநாட்டுப் பையன். என்ன தொந்தரவு என்று ஆங்கிலத்தில் கேட்டான். கந்தசாமி எரிச்சல் என்று தொடங்கி, நிறுத்தி, அவள் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வசனம் போச்சு! புஷ்பவல்லி கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் வாயை மூடுவதற்குள் சரளமான ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டாள். வயிற்று எரிச்சல், தூக்கமின்மை, கூடவே தன் பங்குக்கு ஒரு நகைச்சுவை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஆர்யன் கேட்டதற்கெல்லாம் கந்தசாமி எதையாவது முணுமுணுத்தார். அவள் அதை அழகான பதிலாக்கிக் கொடுத்தாள். பையன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

"அற்புதம்!" என்றது ஒலிபெருக்கியில் கேரனின் குரல்.

"ஏங்க, ரெண்டு வரி. ரெண்டே ரெண்டு வரி டயலாக். அதுகூடவா வரல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் புஷ்பவல்லி. கந்தசாமி அவளைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

அடுத்து வந்தவள் லக்ஷிகா. பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இவள் பிறந்தது நியூ ஜெர்சியில். அது புஷ்பவல்லிக்குத் தெரியாது. பெண் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். வலி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"படிக்கட்டுல நேத்தே குடை வெந்துடுச்சுங்க. அதுக்கு மேல போட்டா சனிக்கிழமை" என்றார் கந்தசாமி, மடை திறந்தாற்போல.

புஷ்பவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே சிரிப்பும் வந்தது. இங்கே எவனுக்குத் தமிழ் தெரியும் என்கிற தைரியத்தில் மனுஷன் வாய்க்கு வந்ததை உளறுகிறார்! எமகாதகர்! அவள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, வலி மேல்வயிற்றில் என்றும் நேற்றிலிருந்து அதிகம் என்றும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

லக்ஷிகாவின் பேனா நின்றது. கையிலிருந்த தாளை மேஜையில் வைத்துவிட்டு, கந்தசாமிக்கு முன்னால் முழங்காலிட்டாள்.

"அங்கிள், உங்கட பேர் என்ன?"

தமிழ்! மாட்டிக்கொண்டோம் என்று புஷ்பவல்லிக்கு வியர்த்தது. "ராமலிங்கம்" என்றாள் அவசரமாக.

"அன்ரி, நீங்கள் சொல்லாதேங்கோ. அவர் சொல்லட்டும்."

"குடை" என்றார் கந்தசாமி, சிரித்த முகத்தோடு.

"ரெண்டு கையையும் தூக்குங்கோ அங்கிள்." அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொல்கிறாள் என்பதே அவருக்குப் புரியவில்லை. லக்ஷிகா எழுந்து கண்ணாடிப் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய, "கட்!" என்று கத்தினாள்.

அவசரச் சிகிச்சைப் பிரிவு எதிர்க் கட்டடத்தில்தான் இருந்தது. அங்கே எப்படிப் போனோம், யார் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம் என்று பிற்பாடு புஷ்பவல்லியால் சொல்லவே முடியவில்லை. கந்தசாமியைத் தள்ளுபடுக்கையில் உள்ளே கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம். மூளையில் பேச்சுக்கான இடத்தில் ரத்தம் கட்டி அடைத்திருந்தது.

"கடைசியாக எப்போது ஒழுங்காகப் பேசினார்?" என்று கேட்டார் டாக்டர். அடைப்பு எந்த நேரத்தில் தொடங்கியது என்று சரியாகத் தெரிந்தால்தான் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க முடியுமாம்.

"முதல் மாணவனிடம் நன்றாகப் பேசினார்" என்று முந்திக்கொண்டார் கேரன். "நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். எல்லாப் பதிலும் தெளிவாக இருந்தது."

கேரனுக்குத் தமிழ் தெரியாது. கேரன் கேட்ட அத்தனை பதிலும் புஷ்பவல்லி சொன்னவை.

"இல்ல… அது நான்" என்றாள். யாருக்கும் புரியவில்லை. "அதெல்லாம் நானா பேசினதுங்க. அவர் என்ன சொன்னார்னே நான் கேக்கல."

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஒரு சொல்கூட அவள் காதில் ஏறவில்லை. அவள் காதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

அறையில் நடந்ததைக் கேமரா பதிவு செய்திருந்தது. கேரன் ஓடிப்போய் ஒரு டேப்லெட்டில் அதைக் கொண்டுவந்தார். புஷ்பவல்லி லக்ஷிகாவின் கையைப் பிடித்தாள். "நீயே கேட்டுச் சொல்லிடும்மா. உனக்குத்தான் தமிழ் தெரியுதே."

"உங்கட ஊர்த் தமிழ் எனக்கு முழுக்க விளங்காது அன்ரி. பிழையாச் சொல்லிட்டா? நீங்கள்தான் சொல்லோணும்."

"ஒவ்வொரு சொல்லையும் அவர் சொன்னபடியே சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

திரையின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. 10.04. ஆர்யன் கேட்கிறான். எரிச்சல் என்று தொடங்கிய கந்தசாமி நிறுத்துகிறார். மாணவனை விட்டுவிட்டு மனைவியைப் பார்க்கிறார். அந்த முகத்தில் பயம் அப்பியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

"புஷ்பா… எனக்கு என்னமோ பண்ணுது. வார்த்தை வர மாட்டேங்குது. இவங்ககிட்ட சொல்லு புஷ்பா."

அடுத்த நொடியே அவளுடைய குரல், கணீரென்று ஆங்கிலத்தில். அவருக்கு வயிறு எரிகிறதாம், நான்கு நாளாகத் தூக்கமில்லையாம். எல்லாம் கல்யாண வீட்டில் மூன்று பந்தியிலும் உட்கார்ந்ததன் பலனாம். அதைத் தொடர்ந்து கண்ணாடிக்கு அப்பாலிருந்து எல்லோரும் சிரிக்கும் சத்தம்.

கேரன் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் திரையைத் தொட்டு நிறுத்தினார். "இந்த இடத்தில் என்ன சொன்னார்?"

புஷ்பவல்லி ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். புஷ்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டதையும் விடவில்லை.

"பத்து நாலு. நேரம் இருக்கிறது, மருந்து கொடுக்கலாம்" என்று டாக்டர் உள்ளே ஓடினார்.

கேரனின் கை பட்டு டேப்லெட் மறுபடி ஓடத் தொடங்கியது. கந்தசாமி இன்னொரு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளுடைய ஆங்கிலம் வந்து விழுந்தது.

"அவளை நிறுத்தச் சொல்லுங்க" என்று திரையில் தெரிந்த தன்னையே காட்டிக் கதறினாள் புஷ்பவல்லி. "அவர் பேசறது கேக்கல. அவளை நிறுத்தச் சொல்லுங்க!"