ஒன்றும் நடக்காத பக்கங்கள்

"அம்மா, இப்ப வலது கையைத் துடைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, பணிப்பெண் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பிறகுதான் தொட்டாள்.

அம்மா இறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. பதினொரு மணிக்கு மயான வண்டி வரும்.

"இனிமே சூடு எதுக்குப் பாக்குறீங்க?" என்றான் மகன்.

"பழகிப்போச்சுண்ணா. புத்தகத்துல அந்த மருமக அப்படித்தானே செய்வா."

"எந்தப் புத்தகத்துல?"

"நீங்க படிச்சுக் காட்டுவீங்களே, அதுல. கை கால் விளங்காத மாமனாரைக் குளிப்பாட்டுவாளே. எங்க தொடப்போறேன்னு சொல்லிட்டுத்தான் தொடுவா."

அப்படி ஓரிடம் அந்த நாவலில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பக்கங்களைப் புரட்டிய கட்டைவிரலுக்கு நினைவு வந்துவிட்டது. எட்டுப் பக்கங்கள். ஒரு வீடு, ஒரு கிழவர், ஒரு அண்டா வெந்நீர். ஒன்றும் நடக்கவில்லை என்று ஓர் ஓட்டம் பார்த்துவிட்டுத் தள்ளியிருந்தான்.

அம்மா தையல்காரி. இரண்டு வருடங்களுக்கு முன் பார்வை போனது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில், தினமும் அரை மணி நேரம் அவளுக்குப் படித்துக் காட்டினான். அச்சகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவனே சொன்னதுதான். இன்று காலை முதலாளிகூடத் தொலைபேசியில், "பெத்தா உன்னை மாதிரி பெக்கணும்பா" என்றார். அவனும் மறுக்கவில்லை.

"அந்த இடத்தை நீங்க எப்பப் படிச்சீங்க?"

அவள் துணியை அலசிக்கொண்டே இருந்தாள். "நீங்க கிளம்பினதும் அம்மா கூப்பிடுவாங்க. 'இன்னைக்கு இன்ன இடத்துலேர்ந்து இன்ன இடத்துக்குத் தாவிட்டான், நடுவுல இருக்கறதைப் படி'ம்பாங்க. அவங்க கல்யாணத்துக்கு முன்னாடியே இதை மூணு தடவை படிச்சிருக்காங்களாமே. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். தப்பாப் படிச்சா சிரிப்பாங்க. படிச்ச இடத்துல ஒரு நூல் வெச்சுடுவேன்."

மேசை மேல் புத்தகம் இருந்தது. அதன் ஓரமெல்லாம் வண்ண நூல் முனைகள். தையல்காரி வீட்டில் நூல் எங்கே ஒட்டாது என்று நினைத்திருந்தான். எண்ண ஆரம்பித்து, பதினேழில் நிறுத்தினான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டேன். 'சொன்னா வெக்கப்பட்டு வர்றதையே நிறுத்திடுவான். வந்து உக்காந்தாப் போதும்'னாங்க." துணியைப் பிழிந்தாள். "இன்னொண்ணும் சொல்வாங்க. கோவிச்சுக்காதீங்க. 'அச்சகத்துல ஒரு எழுத்தை விடமாட்டான், இங்க அத்தியாயத்தையே விடுறான்'னு."

சிரிக்க வேண்டிய இடம்தான். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டான்.

"நானும் யோக்கியம் இல்லண்ணா. அதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவுற மாதிரிதான் ஆளையும் கழுவுவேன். அந்த எட்டுப் பக்கத்தைப் படிச்சு முடிச்சதும் அம்மா ஒண்ணுமே சொல்லல. அடுத்த நாள் காலைல எனக்கே கை வேகமாப் போகல."

அவன் புத்தகத்தை எடுத்தான்.

"நேத்து விட்டது மட்டும் பாக்கி" என்றாள். "கதையில வெள்ளம் வடிஞ்சதுக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல. மூச்சு வாங்கிச்சு. 'நாளைக்குப் பாத்துக்கலாம்'னுட்டாங்க."

நூல் இல்லாத அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். பதினொரு பக்கங்கள். முதல் வரியின் முதல் சொல்லைப் படித்தான். இரண்டாவது சொல் வரவில்லை. மறுபடி முதல் சொல்லுக்கே போனான்.

அவள் தன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். கட்டிலோரம் உட்கார்ந்து, விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, கட்டிலைப் பார்த்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

தண்ணீர் ஆறியிருந்தது. அவன் அடுக்களைக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்து கலந்தான். துணியைப் பிழிந்து, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான்.

"அம்மா" என்றான். இன்னொரு முறை சொன்னான். "இடது கையைத் துடைக்கப் போறேன்."

வெளியே வண்டி வந்து நின்றது. அவள் நிமிரவில்லை. எச்சில் தொட்டு, ஒரே ஒரு தாளை மட்டும் திருப்பினாள்.