வேலியில் மாட்டிய பன்றி

எங்கள் பன்றி வேலியில் மாட்டிக்கொண்டது. தலை ஆங்கிலேய அதிகாரி ஹார்ட்லியின் தோட்டத்தில், பின்பாதி பிரெஞ்சு அதிகாரி தெபோனின் தோட்டத்தில். எங்கள் நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளை இரண்டு நாடும் சேர்ந்து ஆள்கின்றனவாம். ஒரு பன்றியை ஆளத் துப்பில்லை.

“தின்ன வாய் என் பக்கம். வழக்கு என்னுது” என்றார் ஹார்ட்லி.

“மிதிச்ச கால் என் பக்கம்யா” என்றார் தெபோன்.

விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு என்று உலகக் கோர்ட்டிடம் கருத்துக் கேட்கச் சொல்லி இருவரும் மேலிடத்துக்கு எழுதினார்கள். பதில் வரும்வரை பன்றி கொட்டடியில். அதற்கு இரண்டு கதவு, இரண்டு பூட்டு.

என் கணவர் கராய் இடிந்துபோனார். எங்கள் ஆண்கள் கூடத்தில் பட்டத்துக்கு ஓர் அடுப்பு. கோரைப்பல் வளைந்த பன்றியைப் பலி கொடுத்துப் பட்டம் வாங்கினால்தான் மேல் அடுப்பில் சாப்பிடலாம். இருந்ததோ அந்த ஒரே பன்றி. கூட்டாளிகள் எல்லாரும் மேலே போய்விட, இவர் மட்டும் கடைசி அடுப்பில் தலைகுனிந்து தின்றார். எனக்கு வயிறெரிந்தது.

தினமும் வெந்த கிழங்கு கொண்டுபோய் நான்தான் பன்றிக்கு ஊட்டினேன். இரண்டாம் வருட மழையில் கொட்டடியின் பின்வேலி சாய்ந்தது. அதைக் கட்டும் அதிகாரம் யாருக்கு? அதையும் எழுதிக் கேட்டார்கள்.

“சந்து தெறந்து கெடக்குய்யா. ஓட்டிட்டு வந்துரவா?” என்று கராயிடம் கேட்டேன்.

“சும்மா இருடி. பல்லைப் பாத்தியா? பாதி வளைஞ்சிருந்தது, இப்ப வளையமாகப் போகுது. முழு வளையம்னா நேரா மேல் அடுப்புதான்!”

“அதுக்குள்ள பதில் வந்துட்டா?”

மறுநாளே கராய் அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போய்ப் பணிவாகக் கேட்டார்: “ஐயா, வாலுக்கு யார் அதிகாரம்?” இருவரும் அதற்கு ஒரு மனு எழுதினார்கள்.

ஐந்தாம் வருடம் பல் வட்டமடித்துத் தாடையில் முட்டியது. நான் கிழங்கைக் காட்டி நடந்தேன். பன்றி சந்து வழியாக என் பின்னாலேயே வந்தது.

ஊர் கூடி, பலி முடிந்த நேரத்தில் அதிகாரிகள் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

“யாரைக் கேட்டுடா கொன்ன?”

“உலகக் கோர்ட்டைத்தான். நீங்கதானே எழுதினீங்க? பதில் வரட்டும், காத்திருக்கேன்” என்றார் கராய்.

கைது செய்யலாம்தான். யார் செய்வது? அதையும் எழுதிக் கேட்க இருவரும் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள்.

கராய் மேல் அடுப்படியில் போய் உட்கார்ந்தார். வாசலுக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு அழுகை வந்துவிட்டது.