முப்பத்தைந்து வீதம்

கொழும்பிலிருந்து அதிகாரி வரவிருந்த நாளில், காலை எட்டு மணிக்கு முன்பே, சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருபத்திரண்டு தையல் மெஷின்கள் ஓட்டோக்களில் வந்து இறங்கின. ஹாஜறா வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டினாள். அது அவளுடைய இளைய மகள் அஸ்மியாவுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீடு. கூரை போட்டாயிற்று, கதவு இல்லை, மின்சாரம் இல்லை. பக்கத்து வளவில் இருந்த மூத்த மகளின் வீட்டிலிருந்து மதிலுக்கு மேலால் வயர் இழுத்திருந்தார்கள்.

“ஊர்ல ஒரு மௌத்துக்குக்கூட இவ்வளவு பேர் நேரத்தோட வாறல்ல ராத்தா” என்றாள் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஸப்னா.

“வாயக் கழுவு. வாறவர் கேட்டா ரெண்டு வருசமா இஞ்சதான் தைக்கிறம். வெளங்கிச்சா?”

“ரெண்டு வருசமாக் கதவில்லாத வீட்டிலயா?”

“காத்துக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். ஹாஜறா சிரிக்கவில்லை.

உண்மையில் அவளுடைய தையல் வேலை இருபத்திரண்டு வீடுகளில் நடந்தது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். சொந்த விறாந்தையில் மெஷினைப் போட்டு, சோறு வேகும்போதும் பிள்ளை தூங்கும்போதும் தைத்துக்கொள்கிற ஒருத்திக்கு இன்னொருத்தியின் கூரைக்குக் கீழே போய் உட்கார வேண்டிய தேவை வந்ததே இல்லை. ஹாஜறா, பெண்கள் உடுக்கும் நீள அங்கியான அபாயாவுக்குத் துணியை வெட்டிக் கொடுப்பாள். கைகள் ஒரு வீட்டிலும் உடல் ஒரு வீட்டிலும் தைக்கப்பட்டு அவளிடம் திரும்பி வரும். இப்படிப் பதினான்கு வருடம் ஓடியது.

டொலர் இல்லாமற்போன வருடத்தில் துணியின் விலை மூன்று மடங்கானது. அதன் பிறகு விலை கொஞ்சம் இறங்கினாலும் வாங்குகிறவர்கள் திரும்பி வரவில்லை. பெருநாளுக்கு இரண்டு அபாயா எடுத்த பெண்கள் பழையதை அயன் பண்ணி உடுத்தினார்கள். அந்த நேரத்தில்தான் மூத்த மகள் சஹ்லாவின் கணவன் முர்ஷித் கல்முனையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தான். திரையில் வங்காள விரிகுடாவின் படம் காட்டினார்களாம். சென்னைக்கும் சிட்டகொங்குக்கும் மாலைதீவுக்கும் கொழும்பிலிருந்து அம்புக்குறிகள் போயினவாம். வளர்ந்துவருகிற நாடுகள் இனி அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பார்த்துக்கொண்டிருக்காமல் அயலுக்கு அயல் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்று ஒருவர் ஒரு மணித்தியாலம் கதைத்தாராம். தங்கள் அம்பாறைக் கரையிலிருந்து ஓர் அம்புக்குறியும் கிளம்பவில்லை என்பதை முர்ஷித் பெரிதாக எடுக்கவில்லை. அவன் டெலிபோன் கடை வைத்திருப்பவன். எல்லாவற்றுக்கும் சிக்னல் கிடைக்கும் என்று நம்புகிறவன்.

அவன்தான் இணையத்தில் தேடி, தமிழ்நாட்டில் மேலப்பாளையத்தில் துணிக்கடை நடத்தும் முகைதீன்பாவா என்பவரைப் பிடித்தான். ஹாஜறாவின் அபாயாப் படங்களைப் பார்த்துவிட்டு அவர் குரல் பதிவு அனுப்பினார். “லாத்தா, இந்தக் கழுத்து வேலைய இங்க எவனும் செய்ய மாட்டான். மொதல்ல நூத்தம்பது அனுப்புங்க, ஓடுச்சுன்னா மாசாமாசம் எடுத்துக்கிடுதேன். ஆனா டூட்டி இல்லாம வரணும். டூட்டி கட்டினா எனக்குக் கட்டுபடியாகாது.”

இறக்குமதித் தீர்வை இல்லாமல் போவதற்கு வழி இருந்தது. இரண்டு நாடுகளுக்கும் உடன்படிக்கை உண்டு. பொருள் இலங்கையில்தான் ஆனது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கு, பொருளின் பெறுமதியில் முப்பத்தைந்து வீதமாவது இலங்கையில் சேர்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். துணி சீனாவிலிருந்து வருகிறது, நூலும் அலங்காரக் கல்லும் அப்படியே. வெட்டுக்கூலியையும் தையற்கூலியையும் கூட்டினால் இருபத்திரண்டு வீதத்தில் நின்றது. மிச்சம் முழுவதும் கழுத்துப்பட்டியில் இருந்தது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் கல்லை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்கிற வேலை. ஒரு கழுத்துக்கு இரண்டு மணித்தியாலம். அதைச் சேர்த்தால் முப்பத்தெட்டு.

அந்த வேலை தெரிந்தவள் பாத்தும்மா ஒருத்திதான். கட்டார் நாட்டில் ஓர் அபாயாக் கடையில் ஆறு வருடம் இருந்து பழகிக்கொண்டு வந்தவள். ஓர்டர் கிடைத்த அதே கிழமையில் அவளுடைய கணவன் ஜெமீல், ஒலுவிலில் தோணியைக் கட்டிவிட்டு வந்து, நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை. பாத்தும்மா இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது, வெள்ளைதான் உடுக்க வேண்டும், அலங்காரம் ஆகாது.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்து பார்க்கப்போன ஹாஜறாவின் கையைப் பாத்தும்மா பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கழுத்துகள எனக்கிட்டயே தாங்க ராத்தா. வேற ஆருக்கும் தெரிய வேணாம். மூணு புள்ளைகள் இரிக்கி.”

தைப்பது ஹறாம் என்று யாரும் சொல்ல முடியாதுதான். ஆனால் சாவு நடந்த வீட்டுக்குள் இருந்து மினுங்குகிற கல்லைக் கோக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் ஊர் அதைத் தையல் என்று சொல்லப்போவதில்லை. இத்தாவில் இருந்த ஒருத்தி சன்னலைத் திறந்து வைத்ததற்கே போன வருடம் கதை மருதமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதைக் கொண்டுபோனவள் ஜெமீலின் தங்கை ஸுஹைறா. தோணியையும் வலையையும் பங்கு பிரிக்கிற பேச்சு இத்தா முடிந்த பிறகுதான் என்று ஜெமீலின் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுக்கப் பாத்தும்மாவால் முடியாது.

ஆகவே ஹாஜறா பின்வளவால் போய்த் துணியைக் கொடுத்து, பின்வளவாலேயே வாங்கி வந்தாள். கழுத்து வேலையைத் தானே செய்வதாக மற்றப் பெண்களுக்குச் சொன்னாள். முர்ஷிதுக்கும் அதையே சொன்னாள். அவன் விண்ணப்பத்தில் அப்படியே நிரப்பினான். தொழிற்சாலை முகவரி என்ற இடத்தில் அஸ்மியாவின் வீட்டை எழுதினான்.

“ஒரு கோடுதான் மாமி விட்டிரிக்காங்க. இருபத்திரண்டு வீட்டையும் அதுக்குள்ள எழுதேலுமா?”

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயதுக்காரர், சிங்களவர், தமிழைப் பரீட்சைக்குப் படித்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது பெண்களுக்குப் பிடித்திருந்தது. தேநீரைக் குடித்தார். மெஷின்களுக்கிடையே நடந்தார். குனிந்து சீமெந்துத் தரையை ஒரு மூலையில் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“மிகவும் சுத்தமாக இருக்கிறது.”

“தினமும் கூட்டுறம் சேர்” என்றாள் ஸப்னா.

“என் மனைவியும் தைப்பாள். எங்கள் வீட்டில் நூல் துண்டு சோற்றிலும் இருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை எழுதவும் இல்லை. துணி வாங்கிய பற்றுச்சீட்டுகளைப் பார்த்தார், கூலிக் கணக்கைப் பார்த்தார். பிறகு முடித்து வைத்திருந்த அபாயா ஒன்றை எடுத்துக் கழுத்தில் விரலை ஓட்டினார். நெடுநேரம் பார்த்தார்.

“இதுதான் உங்கள் முப்பத்தைந்து வீதம். யார் செய்வது?”

“ஹாஜறா ராத்தாதான்.” பெண்கள் நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள். மூன்றாவது மெஷினில் இருந்த ஸுஹைறாவும் சொன்னாள்.

“செய்து காட்டுங்கள் அம்மா. நான் பார்த்ததைத்தான் எழுதலாம்.”

ஹாஜறா சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பாத்தும்மா செய்வதை எத்தனையோ தடவை பக்கத்தில் இருந்து பார்த்தவள். மேலே கையில் ஊசி, கீழே கையில் நூல். குத்து, கொளுவு, இழு, கல்லை விடு. பார்க்கும்போது அது மூச்சு விடுவதுபோல இருக்கும். இப்போது ஊசி துணிக்குள் போனது. நூலைக் கொளுவாமல் வெறுமனே வந்தது. இரண்டாம் தடவை துணியையே பிடித்து இழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு கல் இருந்தது. அடுத்தது சரிந்து நின்றது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“பயத்துல கை நடுங்குது சேர்” என்றாள் ஸப்னா. “அவவுக்கு பிரசர்.”

“அவசரம் இல்லை” என்றார் அவர்.

இருபது நிமிடத்தில் பதினொரு கல். ஒரு கழுத்தில் இருநூற்று நாற்பது இருக்கிறது. அதிகாரி தன் தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தார். பிறகு சட்டத்தின் பக்கமாகக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“வெளியே யாராவது செய்து தருகிறார்களா? அப்படி இருந்தால் சொல்லுங்கள். அது பிழை இல்லை. அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது.”

அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மெஷின் ஓடாத அறை அது. ஹாஜறா தலையை நிமிர்த்தினாள். ஸுஹைறா கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சேர். நான்தான் செய்யிற.”

அவர் எழுதினார். ஹாஜறா கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரியின் வான் வண்டி வரைக்கும் அவள் தனியாகப் பின்னால் போனாள். முர்ஷிதைக்கூட வரவேண்டாம் என்று விட்டாள்.

“சேர், ஒராள் இரிக்கா. இந்த ஒழுங்கையிலதான். அவதான் செய்யிற. ஆனா உங்களுக்குக் காட்டேலா.”

“ஏன்?”

“புருசன் மௌத்தாகி இத்தாவில இரிக்கா. ஆம்பிளைகள் பாக்கக் கூடாது.”

அவருக்கு அது தெரிந்திருந்தது. தலையை ஆட்டினார். “எங்கள் அலுவலகத்தில் பெண் அதிகாரி ஒருவர் இருக்கிறார். அனுப்பலாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை செய்யும்போது ஒரு படம். இவ்வளவும் கோப்பில் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி இங்குள்ள பிரதேச செயலகத்துக்கு.”

பிரதேச செயலகத்தில் ஜெமீலின் தம்பி எழுதுவினைஞராக இருந்தான்.

“படம் இல்லாமச் செய்யேலாதா?”

“இந்தியாவிலிருந்து கேட்டால் நான் எதைக் காட்டுவது அம்மா?” அவர் கோபப்படவில்லை. “இத்தா எப்போது முடியும்?”

“இன்னும் எழுபது நாள்.”

“உங்கள் கப்பல்?”

“வாற இருபத்திமூணு.”

அவர் வான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஹாஜறா ஒழுங்கையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தாள்.

“போய்ட்டு வாங்க சேர்” என்றாள்.

பத்தாம் நாள் மின்னஞ்சல் வந்தது. அறிவிக்கப்பட்ட இடத்தில் அறிவிக்கப்பட்ட வேலை நடைபெறுவதற்கான ஆதாரம் காணப்படாமையால் சான்றிதழ் வழங்க இயலாது. முர்ஷித் அதை மூன்று தடவை வாசித்தான். மாமியிடம் எதையும் கேட்கவில்லை. அடுத்த அறையில் சஹ்லாவிடம்தான் கேட்டான், ஹாஜறாவுக்குக் கேட்கிற மாதிரி: “நூத்தம்பது கழுத்துச் செய்தவவுக்கு ஒரு கழுத்துச் செய்யத் தெரியாமப் போச்சா?”

முகைதீன்பாவாவின் குரல் அன்று பின்னேரமே வந்தது. “வருத்தப்படாதிய லாத்தா. சூரத்துக்காரன் இதே மாதிரி மெசின்ல ஒட்டித் தாரேங்கான், வெல பாதிதான். பாக்கத் தூரத்துல ஒண்ணாத்தான் இருக்கு. பொறவு பாப்போம்.” பிறகு எப்போது என்று அவர் சொல்லவில்லை. அஸ்மியாவின் வீட்டிலிருந்து மெஷின்கள் வந்தபடியே ஓட்டோக்களில் திரும்பிப்போயின. நூற்றைம்பது அபாயாவையும் கல்முனைக் கடைகளில் துணிக்காசுக்குக் கொடுத்து முடிக்க வேண்டி வந்தது. பெண்களுக்கு அடுத்த வெட்டு எப்போது என்று சொல்ல ஹாஜறாவிடம் ஒரு திகதியும் இல்லை.

கப்பல் போன அன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் பின்வளவால் பாத்தும்மாவிடம் போனாள். அடுத்த ஓர்டருக்கென்று முன்கூட்டியே கொடுத்திருந்த கழுத்துகள் பாயில் அடுக்கியிருந்தன. பாத்தும்மா வெள்ளைச் சேலையில், சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டத்தில் வேலையாக இருந்தாள்.

“நிப்பாட்டு புள்ள. கப்பல் போயிற்று. நம்மட சாமான் போகல்ல.”

பாத்தும்மா ஊசியைக் குத்தியபடியே வைத்தாள். “என்ட வேலையில குறை சொன்னாங்களா?”

“இல்ல. வேலைய நல்லமெண்டுதான் சொன்னாங்க.”

“மறுகா என்ன?”

ஹாஜறா சுவரோரமாக உட்கார்ந்தாள். என்ன சொன்னாலும் பாதி சொன்னதாகிவிடும். அந்தப் பாதியை வைத்து மீதியைப் பாத்தும்மா கண்டுபிடித்துவிடுவாள். “வீதம் காணாதாம், குறையுதாம்” என்றாள்.

“எனக்கு இத்தா முடியட்டும் ராத்தா. அங்க வந்து உக்காந்தே செஞ்சி தாறன். அப்ப காணும்தானே.”

“ஓம்.”

ஸுஹைறா காலையில் கொண்டுவந்து கொடுத்த சோற்றுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பாத்தும்மா அடுக்கிலிருந்து ஒரு கழுத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

“இந்தக் கல்லுகள் கடனுக்கு எடுத்ததெண்டீங்களே. திருப்பிக் குடுத்தா எடுப்பாங்களா?”

“எடுப்பாங்க. விடு புள்ள, கிடக்கட்டும்.”

“கிடந்து என்ன செய்யிற.”

அவள் துணியைப் புரட்டி, நூல் முடிகிற இடத்தை நகத்தால் தேடிப் பிடித்தாள். கொக்கித் தையலுக்கு ஒரு முடிச்சுத்தான். அது அவிழ்ந்தால் மீதி தானாக வரும். ஒரே இழுப்பில் கழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் வரைக்கும் நூல் ஓடி வந்தது. கற்கள் மடியிலும் பாயிலும் சிதறின. பாத்தும்மா ஒரு பீங்கானை இழுத்து வைத்து அவற்றைக் கூட்டி அள்ளிப் போட்டாள். பிறகு அடுத்த கழுத்தை எடுத்தாள். ஹாஜறாவும் ஒன்றை எடுத்து, நூல் முடிகிற இடத்தைத் தேடினாள். அது அவளுக்குச் சுலபமாகவே கிடைத்தது.